லாலிக்கின் நறுமணக் குப்பிகள்: கண்ணாடி மேற்பரப்பு அலங்காரம்

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பிரான்சில் நறுமணத் தைலங்கள் பெரும்பாலும் பெயர்ச்சீட்டு ஒட்டிய எளிய குப்பிகளிலேயே விற்கப்பட்டன. பட்டை தீட்டிய படிகக் கண்ணாடிக் குப்பிகளும் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றையும் சுழலும் சக்கரத்தில் வைத்துக் கையால் தேய்க்க வேண்டியிருந்ததால் அவை செல்வந்தர்களுக்கே எட்டின. இந்நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் ரெனே லாலிக் (1860–1945).

நகை வடிவமைப்பாளரான இவருக்குப் பாரிசின் வாந்தோம் சதுக்கத்தில் கடை இருந்தது. அங்கேயே கடை வைத்திருந்த நறுமண வணிகர் பிரான்சுவா கோட்டி, தம் தைலங்களுக்குக் குப்பி வடிவமைத்துத் தருமாறு இவரைக் கேட்டார். 1909 இல் கோம்ப்-லா-வில் என்னும் ஊரில் ஒரு கண்ணாடி ஆலையை வாடகைக்கு எடுத்த லாலிக், 1913 இல் அதை விலைக்கே வாங்கிவிட்டார்.

உலோக அச்சுகளைக் கொண்டு ஒரே வடிவத்தைப் பெரும் எண்ணிக்கையில் செய்ய முடிந்தது. ஆயினும் அச்சிலிருந்து வரும் கண்ணாடியில் உருவங்கள் தெளிவாகத் தெரிவதில்லை. ஒளி ஊடுருவிப் போய்விடும். குப்பிக்கு அழகு கூட்டியது அதன் பிறகு நடந்த வேலையே.

முதலாவது அமில மங்கலாக்கம். ஐதரோபுளோரிக் அமிலம் கண்ணாடியைக் கரைக்கும் இயல்புடையது. அதனுடன் அம்மோனியம் உப்பைக் கலந்தால், பரப்பில் நுண்ணிய படிகங்கள் படிந்து, அமிலம் சீரற்று அரிக்கும். கண்ணாடி பட்டுத்துணி போல மங்கலாகும். மங்கலாக வேண்டாத பகுதிகளை முன்னரே மெழுகு போன்ற பொருளால் மூடிவைப்பர். இந்த மென்மையான தோற்றத்தைத் தந்த அமிலம் மிகக் கொடியது. தோலை ஊடுருவி எலும்பிலுள்ள கால்சியத்தையும் தாக்கும். குப்பிகளில் லாலிக்கின் பெயர் உண்டு, அமிலத் தொட்டியருகே நின்றவர்களின் பெயர் இல்லை.

இரண்டாவது நிறப்பூச்சு. நீர்த்த வண்ணத்தைத் தூரிகையால் பூசி, மேடான பகுதிகளைத் துடைத்துவிடுவர். பள்ளங்களில் மட்டும் நிறம் தங்கி, உருவங்கள் எடுப்பாகத் தெரியும். நம் ஊர்ப் பித்தளைச் சிலைகளின் இடுக்குகளில் கருமை படிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோட்டியின் 'ஆம்பர் அன்டீக்' குப்பியில் நீள் அங்கி அணிந்த பெண்ணுருவங்கள் இவ்வாறே பழுப்பு நிறத்தில் துலங்குகின்றன.

வொர்த் நிறுவனத்தின் 'தான் லா நுயி' என்ற பெயருக்கு 'இரவில்' என்று பொருள். அதன் உருண்டைக் குப்பியை நீல நிறமும் விண்மீன்களும் அலங்கரித்தன. இங்கு அலங்காரமே பெயர்ச்சீட்டின் வேலையைச் செய்தது.

அமிலம் அரித்த பரப்பு கண்ணாடியின் பகுதியாகவே நிலைத்துவிடும். நிறப்பூச்சு அவ்வாறன்று. அடிக்கடி கையாள்வதாலும் கழுவுவதாலும் அது தேய்கிறது. பிற்காலத்தில் சில குப்பிகளுக்குப் புதிதாக நிறம் ஏற்றப்பட்டதால், பழம்பொருள் சேகரிப்போர் வாங்கும் முன் பள்ளங்களில் உள்ள நிறத்தையும் சோதிக்கின்றனர்.