சோறு போட்ட குற்றம்

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். வழி முழுக்கக் காவிரிப் பாசன ஊர்கள். தஞ்சை ஜில்லா கலெக்டர் ஜே. ஏ. தார்ன் அவர்களைச் சோற்றால் மடக்கப் பார்த்தார். தொண்டர்களுக்குச் சாப்பாடோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 157ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை என்று பத்திரிகைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் அறிவித்தார். ஊர் ஊராகத் தமுக்கும் அடிக்கச் சொன்னார்.

நெல் விளையும் சீமையில், பசியோடு வந்தவனுக்கு இலை போடுவது குற்றமாயிற்று!

ஊர்க்காரர்கள் அடங்கவில்லை. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்? துணிந்து வெளிப்படையாகவே விருந்திட்டவர்களும் உண்டு. அவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர், தம்முன் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்கு அவருக்கும் ஆறு மாதம். உப்பெடுத்து ஏப்ரல் 30 அன்று கைதான ராஜாஜிக்கும் அதே ஆறு மாதம்தான்.

சுதந்திரத்துக்குப் பின் இந்தத் தண்டனையே தகுதியானது. வெள்ளிவிழா ஆண்டான 1972இல் மத்திய அரசு தியாகிகளுக்குப் பென்ஷன் அறிவித்தது. குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. சாதாரணமாக விண்ணப்பத்தில் மறைக்கத் தோன்றும் பழைய தண்டனையை, இங்கே ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டியிருந்தது. சிறைச் சான்று வேண்டும்; பதிவேடு கிடைக்காவிட்டால் உடன் சிறையிருந்தவர்களின் சான்று வேண்டும்.

தார்ன் காட்டிய 157ஆம் பிரிவின் உச்சத் தண்டனையும் ஆறு மாதம், பென்ஷனுக்கான குறைந்தபட்சத் தகுதியும் ஆறு மாதம். சோறிட்டதற்கு மாஜிஸ்திரேட் இரண்டு மாதத்தோடு விட்டிருந்தால், அந்த இரக்கமே பிற்காலத்தில் விண்ணப்பதாரருக்கு எதிராக நின்றிருக்கும். மரத்தில் பொட்டலம் கட்டியவர்களுக்கோ எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லை. தியாகத்தை நாள்கணக்கில் அளந்தது அநியாயம்தான்.

கறார் காட்டிய அதிகாரிகளை உச்ச நீதிமன்றம் தடுத்தது. தாமதமாக வந்தது என்பதற்காக மனுவைத் தள்ளக்கூடாது என்று 1993இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில் சொன்னது. குற்ற வழக்கைப்போல் ஐயத்துக்கு இடமில்லாத சாட்சியம் கேட்கக்கூடாது என்று 2001இல் குர்தியால் சிங் வழக்கில் சொன்னது.

டெல்டாவில் இன்றும் தண்ணீருக்காகவும் நிலத்துக்காகவும் மறியல் செய்து வழக்கு வாங்குகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, வழக்கு விவரம் கேட்கும் கட்டத்தில் அவர்கள் பேனா தயங்குகிறது. 2016இல் அவதார் சிங் வழக்கின் தீர்ப்பை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை, அதை எழுதாமல் விட்டிருந்தாலும்கூட, வேலை தருபவர் மன்னிக்கலாம் என்கிறது அது. ஆனால் அது அவருடைய விருப்பம். வழக்கு பெரிதானால் மறைத்ததே வேலையைப் பறித்துவிடும். ஆகவே தம்பிகளே, கேட்ட இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வழக்கு முடிந்திருந்தால் தீர்ப்பு நகலையும் சேர்த்து வையுங்கள்.