காதல் நாவல்களின் மேலட்டை

கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப் பணியைத் தொடங்கிய பின்னர், வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து நம்மவர் திரளாக அங்கே குடியேறினர். 1956-இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது இவ்வயல் மைசூர் மாநிலத்தில் நின்றது. வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் வழங்கும் சாம்பியன் ரீப்ஸ் போன்ற ஊர்களில், தமிழ்க் காதல் நாவலின் மேலட்டை வெறும் அலங்காரம் அன்று.

அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பழைய அச்சு முறையில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனி பிளாக் செய்து, ஒரே தாளைப் பன்முறை அச்சேற்றவேண்டும். ஆதலால் சிக்கனம் கருதிய பதிப்பாளர் ஓரிரு வண்ணங்களோடு அமைந்தனர். கோட்டுச் சித்திரமும் பெரிய எழுத்துமே போதுமென்று கொண்டனர்.

1969-இல் ‘ராணி முத்து’ அகிலனின் ‘பொன்மலர்’ நாவலோடு வெளிவரத் தொடங்கிற்று. மாதம் ஒரு முழு நாவல் மலிவு விலையில் கிட்டியது. கடை முகப்பில் தொங்கும் இதழ் தொலைவிலேயே கண்ணைக் கவரவேண்டியதாயிற்று. ஆப்செட் அச்சு பரவியதும் ஓவியரின் வண்ணக் கலவை அப்படியே தாளில் இறங்கிற்று. ஜெயராஜ் நவநாகரிக மங்கையரைத் தீட்டினார். 2023-இல் மறைந்த மாருதி, அகன்ற விழியும் அமைதியும் பொருந்திய முகங்களைத் தீட்டினார். பின்னர்ப் புகைப்படமும் கணிப்பொறியும் ஓவியத்தின் இடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டன.

இங்கிலாந்தில் 1908-இல் தோன்றிய மில்ஸ் அண்டு பூன் நிறுவனத்தின் பிற்கால அட்டைகளில் ஆணும் பெண்ணும் இணைந்து நிற்பதே பெருவழக்கு. நம் மாத நாவல்களிலோ பெண்முகம் தனித்து நிற்பதை மிகுதியாகக் காண்கிறோம். வீட்டில் பலர் கண்படக் கிடக்கும் நூலாதலின், இவ்வடக்கம் பொருத்தமாயிற்று எனலாம்.

2001 பிப்ரவரி 28-இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பல்லாயிரவர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூரில் பிழைப்புத் தேடலாயினர். பிள்ளைகளுட் பலர் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் பேசுவர், எழுத்தறியார். வெளிமாநிலங்களில் வாழும் நம் இல்லங்கள் பலவற்றிலும் இதுவே நிலை. தாய் முழுதும் படித்து முடித்த நாவலில், மகள் மேலட்டைப் படத்தோடு நின்றுவிடுகிறாள்.

நாம் அந்த மேலட்டையிலிருந்தே தொடங்கலாம். ‘பொன்மலர்’ என்னும் தலைப்பில் ஐந்தே எழுத்துகள். அத்தகைய தலைப்பொன்றை வாரந்தோறும் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டிப் படிக்கச் செய்வோமாக. சில திங்களில் அவர்கள் அட்டையைப் புரட்டி உள்ளே செல்வர்.