ரூட் நுழைவு: அமேசானும் டிஜிட்டல்ஓஷனும்

வல்லம் வடகால் சிப்காட் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2017-இல் உற்பத்தி தொடங்கிய ராயல் என்ஃபீல்டு ஆலையோ, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட 18,720 பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்போ நினைவுக்கு வரும். பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் அனுப்பும் சப்ளையர்கள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரவிக் கிடக்கிறார்கள். தகடு அடிப்பவர், ரப்பர் வார்ப்பவர், வயர் கட்டுபவர் என்று வேலை எதுவானாலும், டெஸ்பாட்ச் கணக்கும் பார்கோடு லேபிளும் வருகைப்பதிவும் வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரில் ஓடுவது இப்போது சாதாரணம். மூன்றாவது ஷிஃப்டில் அந்த சர்வர் மக்கர் செய்தால் இன்வாய்ஸ் வராது. இன்வாய்ஸ் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. அந்த நேரத்தில் யாராவது லேப்டாப்பைத் திறந்து, எஸ்எஸ்எச் வழியாக ரூட்டாக, அதாவது முழு உரிமையுள்ள பயனராக, நுழையப் பார்ப்பார். சர்வர் உள்ளே விடாது.

விடாததற்கான காரணம், சர்வர் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. சிறு கம்பெனிகள் அதிகம் நாடும் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று அமேசானின் இசி2. மும்பையில் 2016 முதலும் ஹைதராபாதில் 2022 முதலும் அதற்கு மையங்கள் உண்டு. மற்றொன்று பெங்களூரில் மையம் வைத்திருக்கும் டிஜிட்டல்ஓஷன். இரண்டிலும் ஏற்றியிருப்பது உபுண்டு லினக்ஸ்தான் என்று வைத்துக்கொள்வோம்.

கதவைத் தட்டுவதற்கு முன்பே வரும் தடையை முதலில் பிரித்துவிட வேண்டும். நெடுநேரம் ஒன்றும் நடக்காமல் 'டைம்டு அவுட்' என்று வந்தால், சாவிக்கும் பாஸ்வேர்டுக்கும் அதில் சம்பந்தமில்லை. வழியில் ஏதோ ஃபயர்வால் நிற்கிறது. அமேசானில் இது பெரும்பாலும் செக்யூரிட்டி குரூப். சர்வரை அமைத்தவர் போர்ட் 22-ஐ அன்றைய ஆபீஸ் ஐபி முகவரிக்கு மட்டும் திறந்திருப்பார். கரண்ட் போய் வந்து, பிராட்பேண்ட் ரவுட்டர் புது முகவரி வாங்கிக்கொண்டதும் வழி அடைபட்டுவிடும். டிஜிட்டல்ஓஷனில் நாமாக ஃபயர்வால் வைக்காதவரை 22 உலகத்துக்கே திறந்திருக்கும். அதனால் அங்கே டைம்டு அவுட் வந்தால், யாரோ சர்வருக்குள் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்கிவிட்டு எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி தர மறந்திருக்கிறார்கள் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே பதில் வந்தால் நிலைமை வேறு. எஸ்எஸ்எச் சேவை நின்றிருக்கலாம். அல்லது தவறான முயற்சிகளை எண்ணித் தடுக்கும் ஃபெயில்டுபேன் நிரல் நம் முகவரியைத் தடுத்திருக்கலாம். ஆபீஸ் முழுவதும் ஒரே முகவரியில் வெளியே போவதால், ஒருவர் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தால் எல்லோருக்கும் சேர்த்துக் கதவு மூடிக்கொள்ளும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முயன்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி ரூட் விஷயம். அமேசானின் உபுண்டுவில் ரூட்டாக நுழைந்தால், சாவி சரியாக இருந்தாலும், ரூட்டுக்குப் பதில் உபுண்டு என்ற பயனராக நுழையவும் என்று ஒரு வரி வரும். பத்து விநாடியில் இணைப்பு அறுந்துவிடும். பலர் இதைப் பிழை என்று நினைத்து சாவியை மாற்றிப் பார்க்கிறார்கள். பிழை அல்ல, திட்டமிட்டு வைத்த தடுப்பு. சர்வர் முதன்முதலாக எழும்போது கிளவுட்இனிட் என்ற நிரல் ரூட்டின் 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பிலும் நம் சாவியை எழுதுகிறது. ஆனால் அந்த வரியின் முன்னால், இந்தச் சாவியோடு வருபவருக்கு ஷெல் கொடுக்காதே, இந்த வாக்கியத்தைக் காட்டி அனுப்பிவிடு என்ற கட்டளையையும் சேர்த்துவிடுகிறது. உபுண்டு என்ற பெயரில் நுழைந்து சூடோ போட்டால் வேலை முடிந்தது. அமேசான் லினக்ஸ் என்றால் பெயர் 'இசி2-யூசர்', டெபியன் என்றால் 'அட்மின்'. பாதி புகார்கள் இந்தப் பெயர் மாறாட்டத்தில் வருபவைதான்.

டிஜிட்டல்ஓஷனில் நேர்மாறு. அங்கே ரூட்தான் முதல் பயனர். டிராப்லெட்டை (அங்கே சர்வருக்கு அந்தப் பெயர்) உருவாக்கும்போது கொடுத்த சாவியோ பாஸ்வேர்டோ ரூட்டுக்கே போகிறது. ஆகவே அங்கே ரூட்டுக்கு 'பர்மிஷன் டினைட்' வந்தால் உண்மையிலேயே ஏதோ கோளாறு. அடிக்கடி பார்ப்பது இது: புதிதாகச் சேர்ந்த பையனின் சாவியை கம்பெனியின் கணக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டிராப்லெட்டுக்கும் அது போய்விட்டதாக நம்புகிறார்கள். போகாது. இனிமேல் உருவாக்கும் டிராப்லெட்டுகளில் தேர்வு செய்துகொள்ள மட்டுமே அந்தப் பட்டியல். பழைய சர்வரில், உள்ளே இருப்பவர் யாராவது அந்தச் சாவியை ஆத்தரைஸ்டு கீஸில் கையால் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று இதைவிட அலைக்கழிக்கும். கணக்குப் பக்கத்திலிருந்து ரூட் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். மின்னஞ்சலில் புதிய பாஸ்வேர்டு வருகிறது. பிரவுசர் கன்சோலில் அது வேலை செய்கிறது. எஸ்எஸ்எச்சில் மட்டும் மறுக்கப்படுகிறது. சாவி கொடுத்து உருவாக்கிய டிராப்லெட்டில் பாஸ்வேர்டு நுழைவே அணைக்கப்பட்டிருக்கும் என்பதுதான் காரணம். சரி என்று பிரதான அமைப்புக் கோப்பின் அடியில் போய் 'பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன் எஸ்' என்று எழுதி, சேவையை மறுதொடக்கம் செய்தாலும் அசையாது. ஓப்பன்எஸ்எஸ்எச் ஒரு அமைப்புக்கு முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். இன்றைய உபுண்டுவில் பிரதான கோப்பின் மேல்வரியே துணைக் கோப்புகளை உள்ளே இழுக்கிறது, அங்கே கிளவுட்இனிட் 'நோ' என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. நாம் கீழே எழுதுவது தாமதமாக வந்த சேதி. எஸ்எஸ்எச்டி கட்டளையைப் பெரிய 'டி' (-T) விருப்பத்தோடு சூடோவில் ஓட்டினால், எல்லாக் கோப்புகளையும் படித்த பிறகு உண்மையில் எது நடைமுறையில் இருக்கிறது என்று காட்டிவிடும். கோப்பைத் திறந்து உற்றுப் பார்ப்பதைவிட இந்த ஒரு கட்டளை மேல்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான வியாதி கோப்பு அனுமதி. அப்லோடு ஆகவில்லை என்று யாரோ கடுப்பில் 777 போட்டிருப்பார்கள். அது ரூட்டின் வீட்டு அடைவையும் தொட்டிருக்கும். மற்றவர் எழுதக்கூடிய இடத்தில் கிடக்கும் சாவிப் பட்டியலை எஸ்எஸ்எச் நம்பாது. பயனருக்குத் தெரிவது வெறும் பர்மிஷன் டினைட். உண்மையான காரணம் சர்வரின் 'ஆத் லாக்' கோப்பில்தான் எழுதப்படுகிறது: உரிமையோ அனுமதியோ சரியில்லை, ஆகவே மறுத்தேன் என்று அடைவின் பெயரோடு. உள்ளே போக வேறு வழி இருந்தால் முதலில் அந்த லாகைத்தான் திறக்க வேண்டும்.

வேறு வழி இருக்கிறதா என்பதில் டிஜிட்டல்ஓஷன் தெளிவாக முந்துகிறது. பிரவுசரில் கன்சோல், அதுவும் படியாவிட்டால் பாஸ்வேர்டு மாற்றம் என்று பழக்கமில்லாதவரும் சமாளித்துவிடலாம். அமேசானில் செஷன் மேனேஜர் என்ற மாற்று வழியை முன்கூட்டியே அமைத்திருந்தால் தப்பித்தோம். அமைக்கவில்லை, இன்ஸ்டன்ஸ் கனெக்டும் கைகொடுக்கவில்லை, சாவியும் தொலைந்தது என்றால், சர்வரை நிறுத்தி, அதன் டிஸ்க்கைக் கழற்றி, இன்னொரு சர்வரில் மாட்டி, சாவிக் கோப்பைத் திருத்தி, மறுபடி பழைய இடத்தில் மாட்ட வேண்டும். லாரி காத்திருக்கும் இரவில் செய்கிற வேலை அல்ல அது.

அப்படியிருந்தும் ஷிஃப்டில் ஓடும் ஆலைக்கு அமேசானின் போக்கே சரி என்பது என் கருத்து. எஸ்எஸ்எச்சை 1995-இல் ஃபின்லாந்தில் டாட்டு யுலோனன் உருவாக்கியதே, நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடிய சம்பவத்தை அடுத்துத்தான். 2015 ஆகஸ்டில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.0, ரூட்டுக்குப் பாஸ்வேர்டு நுழைவை இயல்பாகவே நிறுத்தியது. உலகம் இந்தத் திசையில் நகர்ந்ததற்குத் தாக்குபவர்கள் மட்டும் காரணமல்ல, உள்ளே இருப்பவர்களில் யார் எதைச் செய்தார்கள் என்று தெரிய வேண்டும் என்பதும் காரணம். பிரஸ் ஷாப்பில் பராமரிப்புக்கு இறங்கும் ஒவ்வொருவரும் லோட்டோ (லாக்அவுட்-டேக்அவுட்) முறைப்படி பெயரெழுதிய தன் சொந்தப் பூட்டை மெயின் ஸ்விட்சில் மாட்டுகிறார். அதே ஆலையின் சர்வரில் ரூட் பாஸ்வேர்டு ஒன்றை ஐந்து பேர் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவுப்படி, அனுமதியற்ற நுழைவை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 180 நாளும் ரூட், ரூட் என்றே பதிந்திருக்கும் லாகை வைத்து என்ன சொல்ல முடியும்?

ஆனால் உபுண்டு என்ற ஒரே பெயரையும் ஒரே பெம் (.pem) சாவிக் கோப்பையும் ஐந்து பேர் பயன்படுத்தினால் அமேசானிலும் கதை அதேதான். அது பெயர் மாற்றிய ரூட். ஆளுக்கொரு சாவி இருந்தால் ரூட் நுழைவில்கூட, எந்தச் சாவி வந்தது என்று அதன் கைரேகை லாகில் பதியும். ஆளுக்கொரு பயனர் கணக்கும் சூடோவும் சேர்ந்தால் யார் எந்தக் கட்டளையை ஓட்டினார் என்பதும் பதியும், அவர் சூடோ வழியாக ரூட் ஷெல்லைத் திறந்து அதற்குள்ளேயே உட்கார்ந்துவிடாத வரை.

டிஜிட்டல்ஓஷனை வைத்திருப்பவர்கள் இந்த ஏற்பாட்டுக்கு மாற அதிக நேரம் ஆகாது. ஒவ்வொருவருக்கும் கணக்கு, அவரவர் சாவி, சூடோ உரிமை. கடைசியாக ரூட் நுழைவுக்கு 'நோ', அதையும் கிளவுட்இனிட் கோப்புக்கு முன்னால் படிக்கப்படும்படி எண்ணிட்ட துணைக் கோப்பில். சேவையை மறுதொடக்கம் செய்யும் முன் எஸ்எஸ்எச்டியைச் சின்ன 'டி' (-t) விருப்பத்தோடு ஓட்டி எழுத்துப்பிழை இல்லை என்று உறுதி செய்யுங்கள். திறந்திருக்கும் ஜன்னலை மூடாதீர்கள். இன்னொரு ஜன்னலில் புதிய கணக்கோடு நுழைந்து, சூடோவும் வேலை செய்கிறது என்று பார்த்த பிறகுதான் முதலாவதை மூட வேண்டும். பிறகு ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அவர் கணக்கை மட்டும் நீக்கினால் போதும். இரவு ஷிஃப்டில் இருப்பவரை எழுப்பிப் புதிய பாஸ்வேர்டு சொல்ல வேண்டியதில்லை.