காற்றைப் பிரிப்பதும் சேர்ப்பதும்

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனியின் தையல் கூடத்தை எடுத்துக்கொள்வோம். மேலே எட்டு சீலிங் ஃபேன்கள். அவற்றுக்குச் சுவரில் சுவிட்சு அமைக்க இரண்டு வழிகள் உண்டு: ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி சுவிட்சும் ரெகுலேட்டரும்; அல்லது எட்டுக்கும் சேர்த்து ஒரே சுவிட்சு.

தனி சுவிட்சில் காற்று அவரவர் கையில் இருக்கிறது. ஒரே சுவிட்சில் சூப்பர்வைசர் கையில். கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கடுக்காக விரித்து மேலே மார்க்கர் தாளை வைக்கும்போது ஃபேன் காற்று அவருக்குப் பகை. சற்றுத் தள்ளி அயர்ன் மேசையில் நிற்பவருக்கோ அந்தக் காற்று இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடாது. இந்த இருவரையும் ஒரே சுவிட்சில் கட்டுவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிகச் சிறியது. இரண்டு முறையிலும் ஃபேன்கள் பக்க இணைப்பில்தான் இருக்கின்றன. இரண்டிலும் சுவிட்சு வெட்டுவது பேஸ் ஒயரை மட்டுமே. 75 வாட் ஃபேன் 230 வோல்ட்டில் எடுப்பது ஒரு ஆம்பியரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எட்டும் சேர்ந்தாலும் மூன்று ஆம்பியருக்குள் அடங்கும். சாதாரண 6 ஆம்பியர் சுவிட்சு அதைத் தாங்கும். மாறுவது பைப்புக்குள் போகும் ஒயர்களின் எண்ணிக்கை. தனி முறையில் எட்டு பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த் என்று பத்து. சேர்ந்த முறையில் மூன்று.

அந்தப் பத்தில் நியூட்ரல் ஒன்றே ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். தனித்தனி என்று நாம் சொல்லும் முறையிலும் நியூட்ரல் ஒரு சீலிங் ரோஸிலிருந்து அடுத்ததற்கு லூப் அடித்துத்தான் போகிறது. மூன்றாவது ரோஸில் அது கழன்றால், இரண்டு முறையிலும் அங்கிருந்து கடைசி வரை எல்லா ஃபேன்களும் நின்றுவிடும். ஃபேன்களுக்கிடையே நியூட்ரல் ஏற்படுத்தும் உறவு இத்தோடு முடிந்துவிடவில்லை. தனி முறையில் பழுது பார்க்க வருபவர் மூன்றாம் ஃபேனின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏணியில் ஏறினால், ஐந்தாம் ஃபேனின் சுவிட்சு போட்டபடியே இருக்கலாம். அதன் மோட்டார் சுருள் வழியாக வந்த மின்சாரம், கழன்ற நியூட்ரல் முனையில் 230 வோல்ட்டாகக் காத்திருக்கும். ஒரே சுவிட்சு முறையில் அதை அணைத்தால் அந்த வரிசை முழுவதும் செத்துவிடும். பாதுகாப்பானது என்று பலரும் நம்பும் தனி முறைதான் இந்த இடத்தில் ஆபத்தானது. எந்த முறையானாலும் அந்த சர்க்யூட்டின் பாதுகாப்புத் துண்டிப்பானான எம்சிபியை அணைத்துவிட்டே ஏற வேண்டும்.

வேகத்தைக் குறைப்பதில் தனி முறையே மேல். வீட்டு ரெகுலேட்டர் ஒரு ஃபேனுக்கென்று செய்யப்பட்டது. அதிலுள்ள கெப்பாசிட்டர் வழியாக இரண்டு ஃபேன்களின் மின்னோட்டம் பாய்ந்தால், அதிலேயே கூடுதல் வோல்ட் விழுந்து இரண்டும் தேவைக்கு மேல் மந்தமாகும். எட்டை அதில் கட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வரலாற்றில் மூத்தது சேர்ந்த முறை. 1860, 70களில் அமெரிக்காவில் நீர் விசையால் ஓடிய பெல்ட்டுகள்தான் கூரை விசிறிகளைச் சுழற்றின. 1880களில் பிலிப் டீல், தையல் இயந்திரத்துக்காக உருவாக்கிய மோட்டாரில் இறக்கைகளைப் பொருத்தி, விசிறிக்குச் சொந்த மோட்டார் கொடுத்தார். டெய்லர்களின் தலைக்கு மேல் சுற்றுவது அவர்கள் இயந்திரத்தின் உறவுக்காரன்தான்.

இப்போது பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி ஃபேன்கள் இரு முறைகளையும் ஒன்றாக்குகின்றன. ரெகுலேட்டர் இல்லாமல் முழு வோல்ட் தேவைப்படுவதால் சுவரில் ஒரே சுவிட்சு போதும். வேகம் தனித்தனியாக ரிமோட்டில். ஆனால் ஒரே கம்பெனி ஃபேன்கள் நெருக்கமாகத் தொங்கினால், ஒருவர் அழுத்தும் ரிமோட்டுக்குப் பக்கத்து ஃபேனும் பணிகிறது. பிரித்து வைத்த காற்று கேட்காமலேயே மறுபடி சேர்ந்துகொள்கிறது! ஒரு சர்க்யூட்டில் அதிகபட்சம் பத்து பாயிண்ட், 800 வாட் என்ற, வயரிங்குக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 732-இன் விதியும் பிஎல்டிசியில் வேறு முகம் காட்டுகிறது. 75 வாட் ஃபேன்கள் பத்து என்றால் 750 வாட். இரண்டு வரம்புகளும் கிட்டத்தட்ட ஒன்றாக முடிகின்றன. 30 வாட் பிஎல்டிசியில் பத்து பாயிண்ட் நிரம்பும்போது 300 வாட்தான் ஆகியிருக்கும்.

என் தேர்வு இரண்டும் கலந்தது. கட்டிங் மேசைக்கும் அயர்ன் மேசைக்கும் தனி சுவிட்சு. டெய்லர் வரிசையின் மீதி ஆறு ஃபேன்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு சர்க்யூட்டில் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்சும் ஒரு எம்சிபியும், சொந்தமாக ஒரு நியூட்ரலும் கொடுக்கலாம். ஒன்று நின்றாலும் வரிசையில் எவரும் முழுக்கக் காற்றில்லாமல் உட்கார வேண்டியிருக்காது.