பரண் மேல் கிடந்த பொட்டியும் காத்துல வர்ற இணையமும்

எங்க வீட்டுக்குச் சமைக்க வர்ற மாவ்ஷி போன மாசம் ஒருநாள் பாத்திரத்தை அடுக்கிக்கிட்டே தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டாங்க. புனே பக்கம் வராதவங்களுக்கு ஒரு குறிப்பு: மாவ்ஷின்னா மராத்தியில சித்தி, பெரியம்மா. வீட்டு வேலைக்கு வர்றவங்களையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவாங்க. பதிலுக்கு அவங்க என்னைக் கூப்பிடறது 'தாதா'ன்னு. அண்ணன்னு அர்த்தம், நம்ம ஊர் தாதா இல்லை :-)

"தாதா, பொண்ணு பதினொண்ணாவது சேர்ந்திருக்கா. பாடம் எல்லாம் பிடிஎஃப்பா அனுப்பறாங்க. போன்ல படிச்சுக் கண்ணு எரியுதுன்னு அழறா. பழைய லேப்டாப் எங்கேயாவது கிடைக்குமா? மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க."

எனக்கு உடனே பரண் ஞாபகம்தான் வந்தது. 2007ல வாங்கின என் முதல் மடிக்கணினி அங்கேதான் பழைய போர்வைக்குள்ள தூங்கிட்டு இருந்தது. பேட்டரி செத்துப் போச்சு, ஆனா கரண்ட்ல மாட்டினா ஓடுது. மெமரி 1 ஜிபி. வீடியோ வகுப்புக்கெல்லாம் ஆகாது. பாடம் படிக்க, கட்டுரை தட்டச்சு செய்யப் போதும். ஒரே பிரச்சினை, வைஃபை எடுக்கலை. மாவ்ஷி வீட்டுல பிராட்பேண்ட் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட் மட்டும்தான். யூஎஸ்பி வயர்ல போனை மாட்டிக்கலாமேன்னு கேட்பீங்க. வீட்டுக்கே ஒரு நல்ல போன். அப்பா அதை வாசல்ல வெச்சுப் பேசிக்கிட்டிருந்தாலும் பொண்ணு உள்ளே படிக்கணும். வைஃபை இல்லைன்னா அந்தப் பொட்டி வெறும் தகரம்.

மெயின் ரோட்டுல ஒரு கடையில காட்டினேன். அஞ்சு நிமிஷம் தட்டிப் பார்த்துட்டு, "கார்டு போயிடுச்சு சார், காயலான் கடையில போடுங்க, செகண்ட் ஹேண்ட்ல வேற காட்டறேன்"னார். எனக்கு நம்பிக்கை வரலை. ஏன்னா இதே கார்டு 'போயிடுச்சு'ன்னு 2007லயும் நான் நினைச்சிருக்கேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

கல்யாணமாகி நாலு மாசம். தங்கமணிக்கு மொழி தெரியாத ஊர், சமையலும் அப்பதான் பழக்கம். கும்பகோணத்துலேர்ந்து அம்மா ஸ்கைப்ல பேசி வத்தக்குழம்பு சொல்லிக் கொடுப்பாங்க. மோடம் ஹால்ல, அடுப்பு சமையலறையில. பத்து மீட்டர் கேபிளை வீட்டுக்குள்ள கொடி மாதிரி இழுத்துப் போட்டிருந்தேன். ரெண்டு தடவை தங்கமணி தடுக்கி விழுந்தாச்சு. பொட்டியிலயோ வைஃபை இருக்கு. கூட வந்த சிஸ்டம் அந்தக் கொஞ்சூண்டு மெமரியில தவழ்ந்ததால, இலகுவான லினக்ஸ் ஒண்ணைப் போட்டிருந்தேன். எல்லாம் பறந்தது, வைஃபையைத் தவிர.

ஏன் தவிரன்னு தேடப் போய்தான் இந்தக் கதை முழுசும் எனக்குத் தெரிஞ்சது.

கம்பியில்லா இணையம் பிறந்ததுக்கு முதல் காரணம் ஒரு அரசாங்க உத்தரவு. 1985ல அமெரிக்காவின் எஃப்சிசி, 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமப் பயன்படுத்தலாம்னு திறந்து விட்டது. மைக்ரோவேவ் அடுப்பு இயங்கற அலைவரிசைதான் அது. யாருக்கும் பெருசா வேண்டாத புறம்போக்கு மாதிரி. அந்தப் புறம்போக்குல கட்டின வீடுதான் வைஃபை. 1997ல 802.11ங்கிற தரம் வந்தது, வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999ல 802.11பி, 11 மெகாபிட். 2003ல 802.11ஜி, 54 மெகாபிட். என் பொட்டியில இருக்கறது இந்தக் கடைசி வகை.

நம்ம நாட்டுல 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் தேவையில்லைன்னு பொதுவா விதி வந்தது 2005 ஜனவரியில. அதே மாசம்தான் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்டும் தொடங்கினது. ஊர்விட்டு ஊர் வந்த நம்ம மாதிரிக் குடும்பங்களுக்கு இந்த ரெண்டும் சேர்ந்துதான் அம்மா குரலை வீட்டுக்குள்ள கொண்டு வந்தது. அந்த 2005க்கு யாரும் நன்றி சொல்றதில்லை.

இப்போ லினக்ஸ் பக்கம். 1990களின் பிற்பாதியிலேயே, எச்பி ஆய்வகத்துல வேலை பார்த்த ழான் தூரீலேங்கிறவர் 'வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்'னு ஒண்ணை லினக்ஸுக்காக எழுதி வெச்சார். எந்த நிறுவனத்தோட கார்டா இருந்தாலும் ஒரே கட்டளையில நெட்வொர்க் பேர், சேனல், சாவி கொடுக்கற வசதி. 'ஐடபிள்யூகான்ஃபிக்' கட்டளையைத் தட்டினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆக, வைஃபை பரவறதுக்கு முன்னாடியே லினக்ஸ் கதவைத் திறந்து வெச்சிருந்தது. அப்புறம் ஏன் சிக்கல்?

ஒரு வைஃபை கார்டு ஓட மூணு பேர் வேணும். நம்ம அபார்ட்மென்ட் கேட்டை வெச்சுச் சொல்றேன். முதல் ஆள் டிரைவர், சிஸ்டத்துக்கும் சில்லுக்கும் நடுவுல மொழிபெயர்ப்பாளர். ரெண்டாவது ஃபர்ம்வேர். பல சில்லுகளுக்குச் சொந்த ஞாபகம் கிடையாது. தினம் காலையில வேலைக்கு வந்ததும் 'நீ செய்யவேண்டியது இதுதான்'னு ஒரு தாளைக் கையில கொடுக்கணும். அந்தத் தாள்தான் ஃபர்ம்வேர். விலையைக் குறைக்க, நிரந்தர நினைவகத்தைச் சில்லுல வைக்காம விட்டதோட விளைவு அது. மூணாவது ஆள் சப்ளிகன்ட், வாட்ச்மேன்கிட்ட கேட் பாஸ் காட்டி உள்ளே போறவர். வெப்ங்கிற பழைய பூட்டை 2001லயே ஆராய்ச்சியாளர்கள் உடைச்சுக் காட்டிட்டாங்க. அதுக்கப்புறம் டபிள்யூபிஏ வந்தது. அதுக்காக பின்லாந்தின் யோனி மலினென் 2003லேர்ந்து எழுதின சப்ளிகன்ட்தான் இன்னிக்கும் கோடிக்கணக்கான லினக்ஸ், ஆண்ட்ராய்ட் கருவிகள்ல பாஸ் காட்டிக்கிட்டு இருக்கு.

சிக்கல் முதல் ரெண்டு ஆள்கிட்ட. சில்லு எப்படி வேலை செய்யுதுங்கற விவரத்தைப் பல நிறுவனங்கள் வெளியே சொல்லலை. விவரம் தெரிஞ்சா பயனர் அலைவரிசையையும் சக்தியையும் சட்டத்துக்கு மீறி மாத்திடுவாங்க, போட்டியாளர் காப்பியடிச்சுடுவாங்கன்னு பயம். டிரைவர் எழுதணும்னா இருட்டுல தடவணும். இதுல ஒரு வேடிக்கை. 2002 கடைசியில வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜிங்கிற ரவுட்டருக்குள்ள ஓடினதே லினக்ஸ்தான், சில்லு பிராட்காம். ஜிபிஎல் உரிமப்படி மூலநிரல் கொடுங்கன்னு கேட்டு, 2003ல அது வெளியே வந்து, 2004ல ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. ஆனா வைஃபை டிரைவர் பகுதி மட்டும் மூடின டப்பாவாவே இருந்தது. லினக்ஸே ஒளிபரப்பற வைஃபையை லினக்ஸ் மடிக்கணினி பிடிக்க முடியாத நிலைமை!

இலகுவான லினக்ஸ்ல இந்த வலி ரெட்டிப்பு. டேம் ஸ்மால் லினக்ஸ் 50 எம்பிக்கு மேல போகமாட்டேன்னு சபதம் எடுத்த சிஸ்டம். ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003ல வெளியிட்ட பப்பி லினக்ஸ், முழுசா மெமரியிலயே ஏறி ஓடற குட்டி. சின்னதா இருக்கறதுன்னா எதையாவது வெளியே விடறதுன்னுதான் அர்த்தம். எல்லா சில்லுக்கும் தாள் வெச்சுக்க இடமும் இல்லை, பலதைப் பகிர உரிமமும் இல்லை. பெரிய சிஸ்டங்கள்ல 2004லேர்ந்து நெட்வொர்க்மேனேஜர் மாதிரி சொகுசு வந்தது. நாங்க கைவண்டிதான்.

அந்தக் காலத்து குறுக்கு வழி என்டிஐஎஸ்ராப்பர். பொன்டுஸ் ஃபுக்ஸ், கிரிதர் பெம்மசானி இருவரும் உருவாக்கினது. யோசனை எளிமை: விண்டோஸ் டிரைவரையே எடுத்து வந்து, 'நீ விண்டோஸ்லதான் இருக்கே'ன்னு அதை நம்ப வெச்சு லினக்ஸுக்குள்ள ஓட வைக்கறது. கூட வந்த சிடியிலேர்ந்து ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ்னு ரெண்டு கோப்பைத் தேடி எடுத்து, நாலு ராத்திரி மல்லுக்கட்டி, ஒருநாள் விடியற்காலை ரெண்டரை மணிக்கு அந்த நீல விளக்கு எரிஞ்சது. மறுநாள் பொட்டியைத் தூக்கிட்டுப் போய் அடுப்பு மேடையில வெச்சேன். "அத்தை, கேக்குதா? புளி எவ்ளோ?"ன்னா தங்கமணி. "எலுமிச்சம்பழ அளவும்மா"ன்னு அம்மா குரல். கேபிளைச் சுருட்டி வெச்சுட்டேன்.

அம்மா இப்போ இல்லை. பொட்டியைப் பரண்ல வெச்சிருந்தேனே தவிர, பழசுக்குப் போட மனசு வராததுக்குக் காரணம் இதுதான்.

நான் குறுக்கு வழியில போனப்போ சிலர் நேர்வழியை வெட்டிக்கிட்டிருந்தாங்க. பிராட்காம் சில்லுகளுக்காக ஒரு குழு, மூடின டிரைவரைப் பிரிச்சுப் படிச்சு, சில்லோட நடத்தையை மட்டும் எழுதி வெச்சது. இன்னொரு குழு அந்த டிரைவரைத் தொடாம, எழுதி வெச்சதை மட்டும் படிச்சுப் புதுசா டிரைவர் எழுதினது. யாரும் திருட்டுன்னு வழக்குப் போட முடியாதபடி இந்த ஏற்பாடு. அது 2006ல லினக்ஸ் கெர்னல் 2.6.17ல சேர்ந்தது. டிவைஸ்ஸ்கேப் நிறுவனம் கொடுத்த நிரலிலேர்ந்து வளர்ந்த மேக்80211ங்கிற பொது அடித்தளம் 2007ல வந்தது. அதுக்குமேல ஒவ்வொரு சில்லுக்கும் வேலை குறைஞ்சது. பிராட்காம் சில்லுகளுக்கு அதன்மேல திருத்தி எழுதின பி43 டிரைவர் 2008 தொடக்கத்துல. அதே வருஷம் ஏதெரோஸ் சில்லுகளுக்கு ஏடிஎச்5கே, அந்த நிறுவனமே மனசு மாறி ஏடிஎச்9கே. 2010ல பிராட்காமும் தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த டிரைவரைக் கொடுத்தது.

இந்த வேலையில லாரி ஃபிங்கர்னு ஒரு பெரியவர். பிராட்காம், ரியல்டெக் சில்லுகளோட டிரைவர்களைப் பல வருஷம் கட்டிக் காத்தவர். 2024 ஜூன்ல, 84 வயசுல காலமானார். கணக்குப் போட்டுப் பாருங்க, இந்த வேலையில இறங்கினப்போ அவருக்கு அறுபதுக்கு மேல. பென்ஷன் வாங்கற வயசுல, முகம் தெரியாத ஆள்களோட பழைய கார்டுகளுக்கு வெளிச்சம் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கார்.

இனி போன மாசத்துக்கு வருவோம். பொட்டியில பப்பியோட 32 பிட் பதிப்பைப் போட்டேன். சிஸ்டம் பதிவுல முதல் சில வரியிலயே விஷயம் இருந்தது: கார்டைக் கண்டுபிடிச்சாச்சு, டிரைவர் ஏறியாச்சு, ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கலை. அவ்வளவுதான். கார்டு சாகலை, காலையில கையில கொடுக்கற தாள் இல்லாம நின்னுக்கிட்டு இருந்தது! சில கிலோபைட் கோப்பு. எடுத்து உரிய இடத்துல வெச்சு மறுபடி ஏத்தினேன். நீல விளக்கு. இருபது நிமிஷம். 2007ல நாலு ராத்திரி.

நீங்களும் பரணைத் திறக்கப் போறீங்கன்னா சில குறிப்பு. பக்கவாட்டுல குட்டி ஸ்விட்ச் இருந்தா முதல்ல அதைப் பாருங்க, பாதி 'செத்த' கார்டுகள் அங்கேயே பிழைக்கும். பழைய கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது, அதனால ஹாட்ஸ்பாட்டை 2.4ல வையுங்க. பாதுகாப்பு டபிள்யூபிஏ2 போதும், டபிள்யூபிஏ3 மட்டும்னு வெச்சா சேராது. நாட்டை இந்தியான்னு அமைங்க. அமெரிக்கான்னு இருந்தா 12, 13ஆம் சேனல்ல இருக்கற ரவுட்டர் கண்ணுக்கே தெரியாது. பப்பியை அணைக்கும்போது சேமிக்கவான்னு கேட்டா ஆமான்னு சொல்லுங்க, இல்லைன்னா அடுத்த நாள் எல்லாம் முதல்லேர்ந்து. ஃபர்ம்வேர் தேடி அலுத்துப் போனவங்க டெபியனைப் பார்க்கலாம். 2022ல ஓட்டெடுப்பு நடத்தி, 2023ல வந்த டெபியன் 12லேர்ந்து பல ஃபர்ம்வேர்களை நிறுவல் கோப்போடயே தர்றாங்க.

ஞாயித்துக்கிழமை மாவ்ஷி பொண்ணோட வந்தாங்க. அவளையே போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, கடவுச்சொல்லைத் தட்டச் சொன்னேன். இணைஞ்சது. வேதியியல் பாடத்தைத் திறந்து பெருசாக்கிப் பார்த்தா. மாவ்ஷி பணப் பேச்சை எடுத்தாங்க. தங்கமணி, "எங்க அத்தை குழம்பு சொல்லிக் கொடுத்த பொட்டி மாவ்ஷி, இதுக்கெல்லாம் காசு கிடையாது"ன்னுட்டா.

ஒரு பொருள் கெட்டுப் போச்சுன்னு நாம சொல்றப்போ, பல சமயம் அதைப் பத்தின விவரத்தை யாரோ மறைச்சுட்டாங்க, இல்லை நாம மறந்துட்டோம், அவ்வளவுதான். அந்த விவரத்தைத் தேடி எடுத்துப் பொதுவுல வெச்சுட்டுப் போனவங்களாலதான் அந்தப் பொண்ணு இன்னிக்குப் பெரிய எழுத்துல பாடம் படிக்கறா.

டிஸ்கி: பொட்டி போனதுல பரண்ல இடம் காலி. அங்கே பத்து மீட்டர் கேபிள் ஒண்ணு சுருட்டினபடியே கிடைச்சது. அதை மட்டும் யாருக்கும் தரமாட்டாளாம் தங்கமணி :-)