வருமானம் காட்டும் பிள்ளையும் பதிவேட்டில் இருக்கும் பிள்ளையும்

நானாட்டானில் உயர்தரம் சித்தியடைந்து, இஸட் வெட்டுப்புள்ளியையும் தாண்டிய பிள்ளைக்கு அடுத்த வேலை தகப்பனின் வருமானத்தைக் காட்டுவது. மகாபொல புலமைப்பரிசில் வேண்டுமென்றாலும் அது கிடைக்காமல் பர்சரி உதவித்தொகைக்குப் போனாலும், கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் அந்த வருமானத்தை உறுதிப்படுத்த வேண்டும். கட்டுக்கரைக் குளத்தை நம்பி வயல் செய்பவரிடமும் வங்காலையில் கடலுக்குப் போகிறவரிடமும் சம்பளத் துண்டு ஏது? காலபோகம் விளைந்தால் ஒரு கணக்கு, சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் வேறொரு கணக்கு. சோளகம் பலத்தால் கடற்தொழிலும் நின்றுவிடும்.

கடலுக்கு அக்கரையில், தமிழ்நாட்டில், 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் இந்தக் கேள்வியையே கேட்பதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால், மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். விண்ணப்பமும் கல்லூரி வழியாகவே போகிறது. அவள் எங்கே படித்தாள் என்பது பள்ளிக் கல்வித்துறையின் பதிவிலேயே இருக்கிறது. 2024இல் ஆண் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் இதே ஏற்பாடு வந்தது.

உதவி என்ற அளவில் நம்முடையது சிறியதல்ல. வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சியில், 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது மகாபொல நிதியம். 2025 வரவுசெலவுத் திட்டம் மகாபொலவை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும் பர்சரியை 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டியது. வீட்டு நிலையைப் பார்த்துக் கொடுப்பதிலும் ஒரு நீதி இருக்கிறது. அக்கரைத் திட்டம், அரசுப் பள்ளியில் படித்ததையே தேவையின் அடையாளமாகக் கொள்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் வசதியற்ற வீட்டுப் பிள்ளையும் அங்கே ஒரே தொகையைப் பெறுகிறார்கள். இந்த ஒன்றில் நம் முறையே மேல் என்பேன்.

ஆனால் நம் முறையில் பாரம் முழுவதும் பிள்ளையின் தலையில். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது, எந்தக் கையொப்பம் முதலில், மகாபொல தவறினால் பர்சரிக்குத் தன் பல்கலைக்கழகத்திடமே விண்ணப்பிக்கலாம் என்பவற்றையெல்லாம் சொல்ல வீட்டில் ஆளிருந்தால் தப்பலாம். குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. கொமியூனிகேசன் கடையில் காசு கொடுத்து நிரப்புவிக்கலாம். கடைக்காரருக்குத் தட்டச்சுத் தெரியும், விதிகள் தெரியவேண்டும் என்பதில்லை.

விளக்கத் தாள் கொடுத்தால் போதாதா? அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒகாயோவிலும் வட கரோலைனாவிலும் வரி நிரப்ப வந்த குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, கூடவே உட்கார்ந்து கல்வி உதவிப் படிவத்தை இலவசமாக நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்குத் தகவல் மட்டும். 2012இல் வெளியான முடிவின்படி, உதவி பெற்ற வீடுகளின் பள்ளி இறுதி மாணவர்களில் அடுத்த மூன்றாண்டுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தோர் 28 விழுக்காட்டிலிருந்து 36 ஆக உயர்ந்தனர். தகவல் மட்டும் பெற்றவர்கள் உதவிக்கு விண்ணப்பித்ததில் முன்னேற்றம் ஏதும் இல்லை.

ஆகவே பள்ளிச் சுவரில் அறிவித்தல் ஒட்டுவதோடு நம் கடமை முடியாது. அக்கரையைப் போல அரசே பதிவேட்டைத் திறந்து பார்க்கும் நாள் வரும்வரை, பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மகாபொலவோ பர்சரியோ பெற்றுப் படிக்கும் நானாட்டான், முருங்கன், வங்காலைப் பிள்ளைகளே அதற்குப் பொருத்தமானவர்கள். அந்தப் படிவத்தை நிரப்பியவர்கள் அவர்கள்தான். பாடசாலை ஒரு வகுப்பறையைத் திறந்து கொடுக்கட்டும். கிராம அலுவலரும் அன்று அங்கேயே வந்திருக்கட்டும். தம்பி தங்கையர், அடுத்த விண்ணப்பக் காலத்தில் ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள்.