கீழைக்கரையும் ஒல்லாந்தக் கம்பனியின் வீழ்ச்சியும்

பேரரசுகளின் வீழ்ச்சியைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் தலைநகரங்களில் நின்றே அவ்வீழ்ச்சியை நோக்குகின்றன. 1918இல் ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதைந்த வரலாறு வியன்னாவிலிருந்து எழுதப்படுகிறது. துருக்கியப் பேரரசின் முடிவு இஸ்தான்புல்லிலிருந்து எழுதப்படுகிறது. பல நாட்டவரையும் பல மொழியினரையும் ஒரு கொடியின்கீழ் வைத்து ஆண்ட ஐரோப்பிய வல்லாட்சியொன்று இலங்கைக் கரையிலும் நிலவி, 1796இல் மறைந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியே அது. அதன் முடிவைக் கொழும்புக் கோட்டையிலிருந்து நோக்குவது வழக்கம். மட்டக்களப்புக்குத் தெற்கே சம்மாந்துறை, வீரமுனை, கல்முனை முதலிய ஊர்கள் அமைந்த கரையிலிருந்து நோக்கினால், அவ்வாட்சி எதனால் நிலைத்தது, எதனால் வீழ்ந்தது, எதனை விட்டுச்சென்றது என்பன மேலும் தெளிவாகும்.

இக்கரையின் பழமரபுகள் கடலோடு தொடர்புற்றவை. சம்மான் எனப்படும் தோணிகள் வந்தடைந்த துறையே சம்மாந்துறையாயிற்று என்பர். சீர்பாததேவி ஏறிவந்த கப்பல் தரித்து நின்ற இடத்திலேயே வீரமுனைப் பிள்ளையார் கோயில் எழுந்தது என்பது அவ்வூர் மரபு. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பரப்பிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுள் நாலாயிரம் பேரளவினரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது குவைறோஸ் பாதிரியாரின் நூல்வழி அறியப்படும் செய்தியாகும். அதற்கு முன்பே இங்கு வாழ்ந்த முஸ்லிம்களோடு இவர்களும் சேர்ந்தனர். வயலும் களப்பும் கடலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வாழ்வாதாரங்களாயின. உப்பும் கருவாடும் தவளமாடுகளின் முதுகில் மலைநாட்டுக்குச் சென்றன. மலைநாட்டுப் பாக்கு கரைக்கு வந்தது. கண்டியரசின் வாயில்களுள் ஒன்றாகவே இக்கரை நெடுங்காலம் விளங்கியது.

அவ்வாயிலினூடாகவே ஒல்லாந்தர் இலங்கைக்குள் நுழைந்தனர். 1602ஆம் ஆண்டு மே மாதத்தில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கிக் கண்டிக்குச் சென்றான். 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் தளபதி வெஸ்டர்வோல்ட், போர்த்துக்கேயர் புலியன்தீவிற் கட்டியிருந்த கோட்டையைக் கைப்பற்றி, இரண்டாம் இராசசிங்கனுடன் உடன்படிக்கை செய்துகொண்டான். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. ஆயினும் கீழைக்கரையின் உள்நிலங்கள்மீது அவர்களது அதிகாரம் நெடுங்காலம் உறுதிபெறவில்லை. 1761இல் தொடங்கிய கண்டிப் போரின் முடிவில், 1766ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி செய்யப்பட்ட உடன்படிக்கையின்படியே தீவின் கரையோரம் முழுவதும் கம்பனியின் உடைமையாயிற்று. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் கடலை இழந்தான். அவன் குடிகள் கரையில் உப்பெடுக்கும் உரிமை மட்டுமே எஞ்சியது. கறுவா விளையாத இக்கரையைக் கம்பனி விரும்பியதற்குக் காரணங்கள் இரண்டு: கண்டி வேறொரு ஐரோப்பிய வல்லரசுடன் தொடர்புகொள்ளாதவாறு வாயிலை அடைத்தல் ஒன்று, நெல் பெறுதல் மற்றொன்று.

ஒல்லாந்தர் என்னும் பெயர் ஒரே இனத்தவரைக் குறிப்பதுபோலத் தோன்றினும், கம்பனியின் இயல்பு அத்தகையதன்று. 1602இல் தோன்றிய இக்கம்பனி, தன் வாழ்நாளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரை ஆசியாவுக்கு அனுப்பியது. அவர்களுள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் ஒல்லாந்துக்கு வெளியே பிறந்தவர்கள். ஜேர்மனியரும் சுவிஸ் நாட்டவரும் ஸ்கந்திநேவியரும் அதன் படைகளிற் சேவித்தனர். யாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் வந்தோர் மலாயர் என்னும் பொதுப்பெயரில் அதன் கோட்டைகளைக் காத்தனர். இலங்கையின் இறுதி ஒல்லாந்தத் தேசாதிபதியாகிய வான் அங்கல்பெக் பிறந்ததும் ஜேர்மானியக் கரையிலேதான். 1784 முதல் 1794 வரை மட்டக்களப்பின் தலைமை அதிகாரியாக விளங்கிய யாக்கோப் பூர்னாண்ட் ஒரு சுவிஸ் நாட்டவர். இப்பகுதியின் நெற்செய்கையைப் பெருக்குவதில் அவர் ஊக்கங்காட்டினார். தமக்குப் பின்வந்தவருக்கென 1794இல் அவர் எழுதிவைத்த அறிக்கை, அக்கால மட்டக்களப்பை அறிவதற்கு உதவும் சான்றுகளுள் முதன்மையானது. இத்தகைய பன்னாட்டுக் கூட்டத்தை மொழியோ சமயமோ நாட்டுப்பற்றோ பிணைக்கவில்லை. ஒப்பந்தமும் சம்பளமுமே பிணைத்தன. கம்பனியின் வலிமை அதுவே. அதன் நோயும் அதுவே.

அந்நோய் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிப்பட்டது. வாசனைப் பொருள்களின் முதன்மை குறைந்து, துணியும் தேயிலையும் ஆசிய வாணிபத்தில் மேலோங்கின. அத்துறைகளில் ஆங்கிலேயர் முந்திக்கொண்டனர். குறைந்த சம்பளம் பெற்ற ஊழியர் தமக்கென இரகசிய வாணிபம் நடத்தினர். கோட்டைகளுக்கும் படைகளுக்கும் ஆன செலவு பல இடங்களில் வருவாயை விஞ்சியது. 1780 முதல் 1784 வரை ஆங்கிலேயருடன் நிகழ்ந்த போர் கம்பனியின் கப்பல்களையும் கடனுறுதியையும் ஒருங்கே அழித்தது. 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்ற, அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சுஃப்ரன் அதனை மீட்டான். தன் துறைமுகத்தைத் தானே காக்கவியலாது பிறர் கப்பல்களை நம்பிய கம்பனியின் நிலை அன்றே உலகுக்குப் புலப்பட்டது. பின்னர் அதன் கடன் பத்துக் கோடி கில்டருக்கும் மேலாகப் பெருகியது.

1795ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஒல்லாந்தினுட் புகுந்தன. பத்தாவியக் குடியரசு அமைந்தது. இங்கிலாந்துக்குத் தப்பியோடிய இளவரசன் ஐந்தாம் வில்லியம், கியூ என்னுமிடத்திலிருந்து, ஆங்கிலப் படைகளை நட்புப் படைகளாக ஏற்குமாறு குடியேற்றநாடுகளின் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினான். கொழும்பிலிருந்த அதிகாரிகள் எவருக்குப் பணிவது? நாடிழந்த இளவரசனுக்கா, பகைவரின் துணையால் எழுந்த குடியரசுக்கா, கடனில் மூழ்கிய கம்பனிக்கா? அங்கல்பெக் முதலில் இணங்கிப் பின்னர் மறுத்தார். இத்தயக்கத்துக்கிடையே ஓகஸ்ட் இறுதியில் திருகோணமலையின் கோட்டைகள் பணிந்தன. செப்ரெம்பர் 18ஆந் திகதி மட்டக்களப்புக் கோட்டை பெரும் போரெதுவுமின்றிக் கைமாறியது. பத்து நாள்களில் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது.

இறுதி அடி ஒரு பேரத்தின் வடிவில் வந்தது. கம்பனியின் சேவையில் இலங்கையிலிருந்த முக்கிய படையணி, சுவிஸ் பிரபுவாகிய சார்ள்ஸ் டி மியூரனின் தனியுடைமையாகும். அவர் 1781இல் அதனைத் திரட்டிக் கம்பனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஹியூ கிளெகோர்ன், 1795இல் அப்பிரபுவை நேரிற் கண்டு, படையணியை ஆங்கிலேயரின் சேவைக்கு மாற்ற உடன்பாடு செய்தார். இருவரும் எகிப்தையும் செங்கடலையும் கடந்து இந்தியா சேர்ந்தனர். அச்செய்தி பாலாடைக்கட்டி ஒன்றினுள் மறைத்துக் கொழும்புக்குள் அனுப்பப்பட்டது என்றும் கூறுவர். படையணி கொழும்பை நீங்கியது. எஞ்சிய மலாயப் படையினர் கொழும்பின் வெளிப்புறத்திற் போரிட்டுத் தோற்றனர். 1796ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆந் திகதி ஆங்கிலேயர் கோட்டையினுட் புகுந்தனர். அதே ஆண்டில் ஒல்லாந்தில் கம்பனியின் நிருவாகத்தை அரசு ஏற்றது. 1799ஆம் ஆண்டின் இறுதி நாளோடு அதன் பட்டயமும் முடிவுற்றது. டி மியூரன் படையணியோ 1799இல் சிறீரங்கபட்டணத்திலே திப்பு சுல்தானுக்கு எதிராக ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டது. சம்பளம் கொடுப்பவர் மாறியதும் பகைவரும் மாறினர்.

இம்முடிவில் சம்மாந்துறை உழவனிடமோ, வீரமுனைக் குடியானவனிடமோ, கரவாகுப்பற்று வணிகனிடமோ எவரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களும் அக்கோட்டையைக் காக்க எழவில்லை. எழுவதற்குக் காரணமுமில்லை. கம்பனி அவர்களது நெல்லையும் ஊழியத்தையும் கணக்கிட்டதேயன்றி, ஆட்சியில் அவர்களுக்குப் பங்கெதனையும் வழங்கவில்லை. ஆயினும் இதனைக்கொண்டு மக்கள் எதற்கும் எழாதவர் என முடிவுசெய்தல் தவறாகும். 1796இல் சென்னையிலிருந்து வந்த ஆங்கிலக் கம்பனியின் நிருவாகம், உள்ளூர்த் தலைமைக்காரரின் அதிகாரத்தை ஒழித்தது; அமில்தார்களையும் துபாசிகளையும் வரி தண்ட அமர்த்தியது; தென்னைக்கும் வரி விதித்தது. 1797இல் கரையோரத்திற் கலகம் மூண்டது. அதன் காரணங்களை ஆராய அமைந்த குழுவுக்குத் தலைவராக ஆங்கிலேயர் அமர்த்தியவர், பிரபு டி மியூரனின் சகோதரராகிய பியேர் பிரடெரிக் டி மியூரன். அதற்கு முன் ஒல்லாந்தக் கம்பனியின்கீழ் இலங்கையில் அப்படையணியை நடத்தியவர் அவரே! கொடி மாறியதை மக்கள் பொறுத்தனர். தம் வாழ்வின் ஒழுங்கு குலைந்ததை அவர்கள் பொறுக்கவில்லை.

வீழ்ந்த பேரரசு முற்றாக மறைந்துவிடவுமில்லை. உரோம-ஒல்லாந்தச் சட்டம் இன்றும் இலங்கையின் பொதுச்சட்டமாக நிலவுகிறது. பறங்கியர் சமூகம் மட்டக்களப்பில் வேரூன்றியுள்ளது. நெல்லின் மீதான அரசவரி ஆட்சி மாறியும் தொடர்ந்தது. 1892இலேயே ஆங்கிலேய அரசு அதனை நீக்கியது. கம்பனி அழிந்து தொண்ணூறு ஆண்டுகள் கடந்த பின்னரே உழவனின் களத்திலிருந்து அச்சுமை இறங்கியது. ஆகவே, பேரரசின் வீழ்ச்சியும் குடிகளின் விடுதலையும் ஒன்றல்ல என்பது இக்கரையின் வரலாற்றால் உறுதிப்படுகிறது. கோட்டை ஒரே நாளிற் கைமாறலாம். களத்துமேட்டின் கணக்கு அத்துணை விரைவில் மாறுவதில்லை. கீழைக்கரையின் வரலாற்றை ஆராய்வோர் கோட்டைச் சுவர்களோடு நின்றுவிடாது, சுவருக்கு வெளியே அக்கணக்கைச் செலுத்திய தமிழ், முஸ்லிம் குடிகளின் வயல்வரை செல்லுதல் வேண்டும்.